வெளிச்சக் கிணறு

எங்கள் கட்டடத்தின் நடுவே ஒரு கிணறு உண்டு.
தண்ணீர் கிடையாது. வெயில்கூட நண்பகலில்
அரைமணி நேரம் எட்டிப் பார்த்தால் அதிகம்.
ஐந்து மாடிச் சமையலறைகளும்
தெருவுக்கு முதுகைக் காட்டி
அதன்மேல்தான் ஜன்னல் திறக்கின்றன.
ஏதென்ஸில், இந்தக் கிப்ஸெலியில்,
யாரும் யாரையும் விசாரிப்பதில்லை.
எதற்கு? மூக்கு இருக்கிறது.

ஐந்தாம் மாடியில் வெண்டைக்காயைப் பொரித்த பிறகே
தக்காளியில் இறக்குவார்கள்.
கொழகொழப்பைப் பொறுக்காத குடும்பம்.
கடனையும் அப்படித்தான்,
மாதம் பிறக்குமுன் அடைத்துவிடும்.
முதல் மாடி வக்கீல் நோன்புக் காலத்தில்
பயறும் ஆலிவும் மட்டுமே என்பார் ஊரிடம்.
நள்ளிரவில் அவர் ஜன்னலில்
ஆட்டுக் கொழுப்பு உருகும், மருக்கொழுந்துபோல் ஏதோ ஓர் இலையோடு.
கடவுளுக்குத் தெரியுமோ என்னவோ,
எனக்குத் தெரியும்.

இரண்டாம் மாடி லாம்ப்ரோஸ். டயர் கடை.
பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
பொலிக்ஸேனி பாத்ராஸ் பஸ் ஏறினாள், தங்கை வீட்டுக்கு.
சண்டை எதுவும் கேட்கவில்லை.
வெங்காயம் வதங்கும் வாசனை நின்றது,
அவ்வளவுதான்.

உறைபெட்டி நிறைய டப்பா வைத்துப் போயிருந்தாள்.
மூடிகளில் எழுதியதை அவர்
தினமும் ஒன்று சத்தமாகப் படிப்பார்,
தனியாளுக்கு வீடு பதில் சொல்லும் என்பதுபோல.
"பயறு, புதன்."
"அடைத்த மிளகாய், நாலு."
"கீரைச் சோறு. எலுமிச்சை மறக்காதே."
விட்டுப் போகிறவள் இப்படி எழுதுவாளா?
திரும்பி வருகிறவள்
இத்தனை டப்பா வைப்பாளா?

பத்தொன்பதாம் நாள் டப்பா தீர்ந்தது.
அன்று மாலை கீழே முட்டை அடிக்கும் சத்தம்.
கோழிச் சாறு, அரிசி, எலுமிச்சை. சரி,
இதுவரை சரி.
பிறகு ஒரு வசவு.
மறுபடி முட்டை உடைகிறது. மறுபடி வசவு.
மூன்றாவது முறை போன் ஒலிக்கிறது,
ஸ்பீக்கரில், கை ஈரமாயிருக்கும்.

"திரிந்து போகிறது."
"கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் முட்டை மிரளாதா?
அடுப்பை அணை. கரண்டி கரண்டியாக ஊற்று.
ஊற்றும்போது முத்தமிடு."
"யாரை?"
"யாரையும் இல்லை. உதட்டைக் குவித்துச் சத்தம் கொடு.
எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான்.
இல்லையென்றால் திரியும்."
கிணற்றில் புறா ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது.
"முப்பத்தொரு வருஷத்தில்
நீ அப்படிச் செய்து நான் கேட்டதில்லையே."
"நீ டிவி முன்னால் இருப்பாய்."

அவர் ஜன்னலைச் சாத்தினார்.
அந்தக் கொக்கி நிற்காது,
கட்டடத்துக்கே தெரியும்.
முதல் முத்தம் நாயைக் கூப்பிடுவதுபோல் இருந்தது.
இரண்டாவதில் சிரித்துவிட்டார், அல்லது இருமினார்.
ஐந்துக்குமேல் அவசரம் இல்லை.
பதினொன்று எண்ணினேன்.
போன் இன்னும் அணைக்கப்படவில்லை என்பது
கடைசியில்தான் புரிந்தது, அந்தப் பக்கம்
யாரோ மூக்கை உறிஞ்சியபோது.

மறுநாள் படிக்கட்டில் பார்த்தேன்.
கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன்.
"திரிந்ததா?"
"கொஞ்சம்" என்றார். கோபமில்லை.
இரண்டு படி இறங்கி, நின்று, திரும்பி,
"செவாஸ்தி அம்மா, ஒன்று கேட்கட்டுமா?
திங்கள்தோறும் உங்கள் ஜன்னலிலிருந்து
ஆர்டிசோக், வெந்தயக்கீரை மாதிரி அந்த இலை,
ஆறு பேருக்கான வாசனை வருகிறதே,
யாருக்கு?"

பையில் சாவி தேடத் தொடங்கினேன்.
சாவி
கையில்தான் இருந்தது.